ஆறரை நடை

அரியலூரில் கல்லூரிக் கணித ஆசிரியராக இருந்த பஞ்சநாதனுக்கு 1984இல் ஆராய்ச்சி முற்றிப்போயிருந்தது. மேல்படியில் ஒருவர், கீழ்ப்படியில் ஒருவர் என்று இருந்து முடிவெடுக்கிற இடத்தில், அவரவர் ஆசையைக் கறாராகப் பிடிக்காமல் 'சுமாராக இவ்வளவு இருந்தால் போதும்' என்று தளர்த்தி வைத்தால், எல்லோருக்கும் ஏற்ற முடிவு கிடைக்கும் என்பது அவன் கட்சி. செய்துகாட்ட ஒரு சண்டைதான் தேவைப்பட்டது. அது மாமனார் வீட்டிலேயே தயாராக இருந்தது.

மாமனார் சின்னதுரை ஜெயங்கொண்டத்தில் ஒரு பஸ் வைத்திருந்தார். கங்கைகொண்ட சோழபுரத்துக்கு நாளைக்கு எட்டு நடை ஓடவேண்டும் என்றார். ஐந்துக்கு மேல் ஓட்டினால் மத்தியானம் சோறு தின்ன நேரம் கிடையாது என்ற டிரைவர் ராசாங்கம், சாவியை முதலாளி மேசைமேல் வைத்துவிட்டான்.

பஞ்சநாதன் நடுவில் புகுந்தான்.

"மாமா, எட்டுன்னா உங்களுக்கு முழுத் திருப்தி. எதுவரைக்கும் இறங்கினா திருப்தியே இருக்காது?"

"அஞ்சுன்னா பஸ்ஸையே வித்துடுவேன்."

"ராசாங்கம், உங்களுக்கு?"

"அஞ்சுன்னா சந்தோசம் சார். எட்டுன்னா ஊரை விட்டே போயிடறேன்."

பஞ்சநாதன் காகிதத்தில் ஏறுகிற கோடு ஒன்றும் இறங்குகிற கோடு ஒன்றும் போட்டான். இரண்டும் வெட்டிக்கொண்ட இடத்தில் விரலை வைத்தான். "ஆறரை நடை. ரெண்டு பேருக்கும் பாதிப் பாதித் திருப்தி."

"அரை நடைன்னா? சனத்தைப் பாதி வழியில இறக்கி விட்டுட்டு வந்துடறதா?" என்றான் ராசாங்கம்.

"ஒரு நாள் ஆறு, மறுநாள் ஏழு."

சின்னதுரையை உறுத்தியது வேறு. "இருங்க மாப்பிள்ளை. பஸ் என்னுது. எனக்கும் பாதி, அவனுக்கும் பாதியா?"

அதற்கும் ஆராய்ச்சியில் வழி இருந்தது. மேல்படிக்காரர் முதலில் தன் பிடியைச் சொல்லலாம். அதற்குள் அடங்கி, தன் கையில் இருப்பதைக் கீழ்ப்படிக்காரர் தீர்மானித்துக்கொள்ளலாம். மாமனார் ஏழில் நின்றார். அடுத்து ராசாங்கத்தின் முறை.

"ஏழே ஓட்டறேன். ஆனா மத்தியானம் பஸ்ஸை எங்க நிறுத்தறது, எவ்வளவு நேரம் நிறுத்தறதுங்கறது என் இஷ்டம்."

சின்னதுரை சாவியை எடுத்து நீட்டினார். பஞ்சநாதனுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

மறுநாள் சோதித்துப் பார்க்க மாமனாரும் மருமகனும் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார்கள். மத்தியானம் சோழபுரத்துச் சாலையோரத்தில், தன் வீட்டு வாசலிலேயே, பயணிகளோடு பஸ்ஸை நிறுத்திவிட்டு ராசாங்கம் உள்ளே போனான். கருவாட்டுக் குழம்பு வாசனை பஸ்ஸுக்குள் வந்தது. ராசாங்கம் வரவில்லை.

சந்தைக்குக் கோழி கொண்டுபோகும் கொளஞ்சியம்மாள் பின்சீட்டிலிருந்து ஆரம்பித்தாள். "மொதலாளி முடிவு பண்ணாராம், டிரைவரு முடிவு பண்ணாராம். கோழிய மடியில வச்சிக்கிட்டு வெயில்ல வேவறேனே, என்னை எவன் கேட்டான்?"

பஞ்சநாதனுக்குச் சுருக்கென்றது. மூன்றாவது படியை அவன் அடியோடு மறந்திருந்தான். அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

"எவ்வளவு நேரம்னா பொறுத்துக்குவீங்கம்மா?"

"ஒரு வெத்தல போட்டுத் துப்பற நேரம்."

"நிமிசத்துல சொல்லுங்களேன்."

"வெத்தலைக்கு ஏதுய்யா நிமிசம்? கொழுந்துன்னா வெரசா ஆவும். முத்துனதுன்னா மெல்லணும்."

இத்தனை அழகாக மங்கலான ஓர் அளவை அவன் எந்தப் புத்தகத்திலும் பார்த்ததில்லை. வெயிலையும் மறந்து பூரித்துப்போனான்.

வாசலுக்கு வந்த ராசாங்கத்தின் மனைவி காத்தாயி இதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். உள்ளே போனவள், தட்டு நிறைய முற்றிய வெற்றிலையும் கொட்டைப்பாக்குமாகத் திரும்பி வந்து ஒவ்வொரு சீட்டாக நீட்டினாள். கொளஞ்சியம்மாள் நாலு எடுத்துக்கொண்டாள். சின்னதுரையும் இரண்டு எடுத்து மடித்து வாயில் போட்டார். பஸ்ஸில் யாரும் வாயைத் திறக்கவில்லை.

உள்ளே ராசாங்கம் ரசத்துக்குச் சோறு கேட்பது தெளிவாகக் காதில் விழுந்தது.