சாக்கைப் பாலத்து ஏற்றம்

காலையில் அடித்த காற்றில் ஸ்ரீவராகம் தெருவுக்கு வரும் மின்கம்பி அறுந்துவிட்டது. அந்தத் தெருவில் வசிக்கும் நீலகண்டன், கரண்டில் ஓடும் ஆக்சிஜன் மிஷினை நம்பி உயிரோடு இருப்பவர். நுரையீரல் தழும்பேறிச் சுருங்கிப்போன மனிதர். கரண்ட் போனதும் அவர் மனைவி சூடாமணி, அவசரத்துக்கென்று வைத்திருந்த சிலிண்டரைத் திறந்துவிட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். ஆஸ்பத்திரிப் பக்கத்து வழிகளில் மரங்கள் விழுந்து கிடப்பதாகவும், வெட்டி அகற்றிய பிறகே வரமுடியும் என்றும் சொன்னார்கள். அதன் பிறகுதான் கொச்சுவேளியிலுள்ள சிலிண்டர் டிப்போவுக்குப் போன் செய்தாள்.

டிப்போவின் மினி லாரியை ஓட்டுகிறவள் சுமி. பாறசாலைக்காரி. அவள் கணவன் ஆன்சன் கூடவே வந்து சிலிண்டர்களை ஏற்றி இறக்குவான். இருவரும் வேகமாக வண்டியை எடுத்தார்கள். டிப்போவுக்கு வெளியே சந்து முழுக்க வெள்ளம். வேறு பாதை இல்லை. சுமி வண்டியைத் தண்ணீருக்குள் இறக்கினாள். அடியில் 'சுர்ர்' என்று பெரிய சத்தம். இரண்டு பக்கமும் ஆவி எழுந்தது.

அந்த எஞ்சின் ஒரு வாரமாகவே சரியாக ஓடவில்லை. ஸ்பார்க் பிளக் ஒன்று விட்டுவிட்டுத்தான் எரிந்தது. அதில் எரியாத பெட்ரோல் கீழே புகைக்குழாயில் போய் எரிந்து, நடுவில் புகையைச் சுத்தப்படுத்தும் கன்வெர்ட்டரைப் பழுக்கக் காய்ச்சிக்கொண்டிருந்தது. சுமி ஒர்க்‌ஷாப்புக்குப் போகலாம் என்று சொன்னபோதெல்லாம் ஆன்சன், "ஞாயிறாழ்ச்ச பாக்கலாம்" என்றான்.

வெள்ளத்தைத் தாண்டி பைபாஸில் ஏறியபோது, தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குவதுபோல அடியில் ஒரு சத்தம் தொடங்கியது. சற்று நேரத்தில் சத்தம் நின்றது. அதோடு வேகமும் குறைந்தது. சுமி மிதியை அழுத்தினாள். எஞ்சின் முனகியதே தவிர வண்டி இழுக்கவில்லை. பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்தபடி ஒதுங்கிப் போனது.

சாக்கை மேம்பாலத்தின் ஏற்றத்தில் பாதி தூரம்கூடப் போகவில்லை. முதல் கியரிலும் வண்டி திணறி நின்றது. அழுகிய முட்டை நாற்றம் உள்ளே வந்தது. ஆன்சன் இறங்கிக் குனிந்து பார்த்தான்.

"கன்வெர்ட்டர் செவசெவன்னு பழுத்துக் கெடக்கு. உள்ள தேன்கூடு மாதிரி ஒரு கல்லு உண்டுல்லா, அது வெள்ளத்துல ஒடஞ்சிருக்கு. ஒடஞ்ச துண்டு வழிய அடச்சாச்சு. பொக வெளிய போகாம எஞ்சின் எப்பிடி வண்டிய வலிச்சு ஏத்தும்?"

சுமி பதில் சொல்வதற்குள் போன் அடித்தது. சூடாமணி.

"சுமி, எங்கேடிம்மா இருக்கே? சிலிண்டர் மீட்டர்ல முள்ளு சிவப்புக்கு வந்துடுத்து. இவருக்கு ஒதடெல்லாம் நீலம் பாரிச்சுப் போயிருக்கு. ஆக்சிஜனைக் கொஞ்சம் கொறச்சு வைக்கட்டுமா?"

"டாக்டருக்கு விளிச்சுக் கேளுங்க மாமி. நான் சாக்கைக்கு வந்தாச்சு. வந்துக்கிட்டே இருக்கேன்."

நின்ற வண்டியில் உட்கார்ந்துகொண்டுதான் அதைச் சொன்னாள்.

ஆன்சன் ரோட்டில் நின்று கைகாட்டினான். இரண்டு கார்கள் விலகிப் போயின. ஓர் ஆட்டோ வேகம் குறைந்தது. சிலிண்டர் என்றதும் டிரைவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

"கன்வெர்ட்டருக்கு முன்னால உள்ள போல்ட்ட லூஸாக்கினா என்ன?" என்று சுமி கேட்டாள். "பொக அது வழியா போயிரும்லா?"

"போகும். வண்டியும் வலிக்கும். ஆனா அந்தச் சூடு அப்பிடியே மேல தளத்துல அடிக்கும். மேல இருக்கது ஆக்சிஜன், கேட்டியா? தீப்பிடிச்சா நம்மள அள்ளி எடுக்கக்கூட ஒண்ணும் மிச்சம் இருக்காது."

சுமி பின்பக்கம் போய்க் கதவைத் திறந்தாள்.

"எல்லாத்தையும் எறக்குங்க. ரெண்டே ரெண்டு போதும். அத கடைசீல, வால்பக்கமா கெட்டி வையுங்க. பாரமும் கொறயும்."

"மிச்சத்த ரோட்டுல போட்டுட்டா போக முடியும்?"

"நீங்க நில்லுங்க. நான் போறேன்."

அவன் அவளையே பார்த்தான். பிறகு இரண்டு சிலிண்டர்களை வால்பக்கமாகக் கட்டிவிட்டு, மற்றவற்றை இறக்கிப் பாலத்தின் ஓரத்தில் வரிசையாக நிறுத்தத் தொடங்கினான். முடிந்ததும் ஈரச் சாக்கைக் கையில் சுற்றிக்கொண்டு வண்டிக்கடியில் புகுந்தான். சுமி படுத்து ஸ்பேனரை எடுத்துக்கொடுத்தாள். ஒரு போல்ட் கழன்றது. துருப்பிடித்த இன்னொன்று அசையவில்லை. அவன் காலை உதைத்து முழுப்பலத்தோடு திருகியபோது அது முறிந்தது. சாக்கு நழுவி அவன் முழங்கை குழாயில் பட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தான். தோல் வெந்து சுருண்டிருந்தது.

"காட்டுங்க."

"பொறவு பாக்கலாம். ஸ்டார்ட் பண்ணு."

எஞ்சின் டிராக்டர்போல உறுமியது. மிதியைத் தொட்டதும் வண்டி முன்னே பாய்ந்தது. ஆன்சன் ஜன்னலுக்குள் தலையை நீட்டிக் கத்தினான்.

"கண்ணாடிய ஏத்தாதே. எவ்வளவு மழ பெஞ்சாலும் ஏத்தாதே. அந்தப் பொக உள்ள நின்னா ஆளக் கொல்லும். தல கெறங்கினா ஒடனே நிறுத்திரு."

மழை மறுபடி தொடங்கியது. திறந்த ஜன்னல் வழியாகச் சாரல் முகத்தில் அறைந்தது. பாலத்தைத் தாண்டியதும் காலடித் தளம் சூடேறியது. ஈஞ்சக்கலில் சிக்னலுக்கு நிற்கும்போது பின்னந்தலை கனத்தது. அது புகையா பயமா என்று அவளுக்குத் தெரியவில்லை. தலையை வெளியே நீட்டி மூச்சை இழுத்துவிட்டாள். போன் மறுபடி அடித்தது. அவள் எடுக்கவில்லை. எடுத்தால் என்ன கேட்க நேருமோ என்றிருந்தது.

ஸ்ரீவராகம் தெருமுனையில் முழங்காலளவு தண்ணீர் தேங்கியிருந்தது. திறந்து கிடக்கும் புகைக்குழாயில் வெள்ளம் புகுந்தால் எஞ்சின் நின்றுவிடும். வண்டியை மேட்டிலேயே விட்டுவிட்டு, ஒரு சிலிண்டரைத் தோளில் ஏற்றிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். சிலிண்டரின் இரும்பு கழுத்தெலும்பில் அழுந்தியது. ஒரு குழியில் கால் இடறிச் சாய்ந்தவள், வீட்டு மதிலைப் பிடித்து நிமிர்ந்தாள்.

சூடாமணி வாசற்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"வாடிம்மா, வா. இப்பத்தான் முழுக்கத் தீர்ந்தது."

நீலகண்டன் கட்டிலில் முன்னால் குனிந்து, இரண்டு கைகளையும் முட்டிமேல் ஊன்றியிருந்தார். தோள்பட்டை ஏறி ஏறி இறங்கியது. கண்கள் மட்டும் சிலிண்டரைப் பார்த்தன. சுமி அதைக் கட்டிலருகே நிறுத்திவிட்டு நேரே குழாயடிக்கு ஓடினாள்.

"அங்கே எங்கே போறே? அவரைப் பாரு."

"சோப்பு தாங்க மாமி. கையெல்லாம் கிரீஸ். இதோட வால்வத் தொட்டா ஆக்சிஜன் பட்டுத் தீப்பிடிக்கும்."

சூடாமணி சோப்பை எடுத்து அவள் கையில் திணித்தாள். சுமி முழங்கைவரை தேய்த்தாள். கிரீஸ் கறை போக மறுத்தது. மறுபடி தேய்த்தாள். பின்னால் அந்த மனிதரின் மூச்சு, ஈரத்துணியைக் கிழிப்பதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தது. சூடாமணி தன் புடவைத் தலைப்பாலேயே அவள் கைகளைத் துடைத்துவிட்டாள்.

சுமி பழைய சிலிண்டரிலிருந்து ரெகுலேட்டரைக் கழற்றிப் புதியதில் பூட்டினாள். சாவியைத் திருப்பினாள். முள் ஏறியது. ஆக்சிஜனை ஈரமாக்கும் பாட்டிலில் தண்ணீர் கொப்பளித்தது. சூடாமணி குழாயை அவர் மூக்கில் சரியாக வைத்து, முதுகைத் தடவிக்கொண்டே நின்றாள். அவருடைய தோள்கள் மெல்லத் தாழ்ந்தன. உதட்டில் நீலம் வெளிறி, பிறகு மறைந்தது.

"நனஞ்சிருக்கா பாரு," என்றார் நீலகண்டன், சுமியைக் காட்டி. "துண்டு குடு."

சுமி துண்டை வாங்கி முகத்தில் புதைத்துக்கொண்டாள். அப்புறம் வெளியே வந்து ஆன்சனுக்குப் போன் செய்தாள்.

"ஆக்சிஜன் ஏறிட்டுது. பேசினாரு."

மறுமுனையில் மழை இரைந்தது.

"உனக்குத் தல கெறங்குதா?" என்றான் ஆன்சன்.

"இல்ல. உங்க கை?"

"எரியுது. இங்க போலீஸ்காரரு ஒருத்தரு கூட நிக்காரு. டிப்போலேருந்து வேற வண்டி வரும். நீ அந்த வண்டிய இனி எடுக்காண்டாம்."

"எடுக்கல்ல."

சாயங்காலம் மரங்களை வெட்டி அகற்றியபின் ஆம்புலன்ஸ் வந்து நீலகண்டனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது; சில நாட்களில் அவர் வீடு திரும்பினார். ஒர்க்‌ஷாப்காரர், கன்வெர்ட்டரை எடுத்துவிட்டு வெறும் குழாயை மாட்டித் தருவதாகச் சொன்னார். கைக்கட்டோடு நின்ற ஆன்சன் ஒத்துக்கொள்ளவில்லை. புதியதை மாட்டவைத்து, முதல் வேலையாக அந்தப் பிளக்கையும் மாற்றச் சொன்னான்.

ஆனால் அதெல்லாம் பிறகு. போனை வைத்ததும் சுமி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, வண்டியிலிருந்த இரண்டாவது சிலிண்டரை எடுத்துவரத் தண்ணீரில் இறங்கி நடந்தாள்.