வாங்காதீங்க என்றாள் அன்புசெல்வி

அன்புசெல்வி அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் செக்‌ஷனில் வேலை பார்த்தாள். அவள் கணவன் முருகவேல் அங்கேயே கட்டிங் மாஸ்டர். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் யூடியூபில் வீடியோ போடுவாள். ஆன்லைனில் விற்கிற டீ-சர்ட்டையோ நைட்டியையோ வாங்கித் துவைத்து, டேப் வைத்து எத்தனை இஞ்ச் சுருங்கியது என்று காட்டுவாள். தேறினால் கீழே லிங்க் கொடுப்பாள். அதன் வழியாக யாராவது வாங்கினால் விற்பனைத் தளம் அவளுக்குக் கமிஷன் தரும். வீட்டு வாடகைக்கு ஆயிற்று.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் தளத்திலிருந்து மெயில் வந்தது. ஒன்றாம் தேதி முதல் சொந்தக்காரர்கள் வாங்கினாலோ, ஒரே முகவரிக்குப் பல பார்சல் போனாலோ கமிஷன் கிடையாதாம். மீறினால் கணக்கையே மூடிவிடுவார்களாம்.

"நமக்கென்ன ஆஷா, என்ற லிங்க்ல வாங்கறவங்கெல்லாம் எங்கெங்கியோ இருக்கறவங்க" என்றாள்.

பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஆஷாவுக்குப் புரையேறியது. "நெசமாவே தெரியாதாக்கா? கட்டிங் செக்‌ஷன் பூராவும் அண்ணன் சொல்லித்தான வாங்குதாங்க. பார்சலெல்லாம் வாட்ச்மேன் ரூம்ல கெடக்கு."

போய்ப் பார்த்தாள். பதினோரு பார்சல். சோற்றுத் தூக்கோடு நேராகக் கட்டிங் மேசைக்குப் போனாள்.

"ஏனுங்க, என்ன சொல்லி இத்தனை பேர்த்தை வாங்க வெச்சீங்க?"

முருகவேல் துணியைத் தடவினான். "ஒரு பார்சலுக்கு ரண்டு போண்டா. மொத மாசம் ஒருத்தருமே வாங்குல. உன்ற மூஞ்சி வாடிப்போச்சு புள்ள. அதான்."

அவளுக்குக் கோபம் வந்தது. ரசிகர்கள் என்று ஆறு மாதமாகப் பெருமைப்பட்டதெல்லாம் போண்டாவுக்கு வந்த கூட்டம் என்றதும் அழுகையும் வந்தது. அவன் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு முந்திக்கொண்டது.

"இனி ஒருத்தரும் வாங்கக் கூடாது. ஞாயித்துக்கெழமை நீங்க கேமரா முன்னாடி நிக்கோணும். அதுதான் தண்டனை."

அந்த ஞாயிறு, காலையில் அவனுக்கு அளவாக இருந்த டீ-சர்ட்டைத் துவைத்துக் காயவைத்து மறுபடியும் மாட்டிவிட்டாள். தொப்புள் வெளியே தெரிந்தது. அவன் கையால் மூடிக்கொண்டான்.

"கையை எடுங்க" என்றாள். பிறகு கேமராவைப் பார்த்து, "மூணு இஞ்ச் போயிருச்சுங்க. இதை வாங்காதீங்க. லிங்க்கும் தர மாட்டேனுங்க" என்றாள்.

நாலே நாளில் அதை ஒரு லட்சம் பேர் பார்த்தார்கள். நாகர்கோவிலிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும், "அப்போ எதைத்தான் வாங்குறது?" என்று கேட்டார்கள். துவைத்துத் தேறியவற்றை மட்டும் சொன்னாள். முன்பின் தெரியாதவர்கள் வாங்கினார்கள்.

ஆனாலும் ஒரு மெயில் போட்ட பயம் அவளை விடவில்லை. இன்னும் இரண்டு தளங்களில் சேர்ந்தாள். பார்ப்பவர்களை வாட்ஸ்அப் குரூப்பில் சேர்த்துக்கொண்டாள். சில மாதம் கழித்துப் பழைய தளம் துணிகளுக்குக் கமிஷனைப் பாதியாகக் குறைத்தபோது முருகவேல்தான் பதறினான். அவள் சாப்பிட்டு முடித்துக் கை கழுவி வந்து, வேறு தளத்து லிங்க்கைக் குரூப்பில் போட்டாள். அந்த மாதமும் வாடகைக்குக் குறைவில்லை.

அந்த வாரமே முருகவேலுக்கு ஒரு டார்ச் லைட் தேவைப்பட்டது. "உன்ற லிங்க்ல வாங்கினாக் கணக்கை மூடிப்போடுவானே" என்றான்.

"அடுத்த வீதி மைதிலி புதுசா லிங்க் போடறா. அதுல வாங்கிக்குங்க."

வாங்கினான். சாயங்காலம் மைதிலி மூச்சிரைக்க ஓடிவந்தாள். "அக்கா, என்ற லிங்க்ல மொத ஆர்டர் வந்திருச்சுங்க! யாரோ முன்னப்பின்ன தெரியாதவங்க!"

அன்புசெல்வி கணவனைப் பார்த்தாள். அவன் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் படித்துக்கொண்டிருந்தான்.

"அப்படித்தான் கண்ணு ஆரம்பிக்கும்" என்றாள்.