எண்பத்து மூன்றாம் பக்கம்

"எதை வேணா கேளு, சொல்றேன். உன் அண்ணனோட கடைசி நாளை மட்டும் கேக்காதே."

"எப்பவுமேவா?"

"நானே ஒரு நாள் சொல்றேன்."

"சரி. கேக்கல."

கல்யாணம் பேசி முடித்த அன்று, பஸ் நிறுத்தத்தில் நின்றபடி அவரும் அவளும் பேசிக்கொண்டது இவ்வளவுதான். இருபத்திரண்டு வருஷம் ஓடிவிட்டது. அவர் சொன்ன அந்த ஒரு நாள் மட்டும் இன்னும் வந்தபாடில்லை. வாக்குக் கொடுத்துவிட்டோமே என்று அவளும் வாயைத் திறக்கவில்லை.

பதிவு அலுவலகத்தில் வாரம் முழுக்க ஊரார் பத்திரங்களைத் தட்டச்சு செய்து விரல் தேய்ந்தவளுக்குச் சனிக்கிழமையாவது ஓய்வு வேண்டாமா? அவள் சாப்பாட்டு மேஜையில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு, கணவரும் அண்ணனும் சேர்ந்து இருந்த வேவுப்படைப் பிரிவின் போர்க்கால வரலாற்றை ஏழாவது தடவையாகத் திருத்திக்கொண்டிருந்தாள். பழைய வீரர்கள் கூடி அந்த வேலையை அவள் கணவர் தலையில் கட்டினார்கள். அவர் அதை அப்படியே தூக்கி இவள் மடியில் வைத்துவிட்டார்.

முதலில் உள்ளுக்குள் அவளுக்குச் சந்தோஷம்தான். வரலாறு என்றால் அண்ணனின் கடைசி நாளும் அதில் வந்துதானே ஆகவேண்டும்? வாக்கையும் மீறாமல், கேட்காமலேயே படித்துவிடலாம். அந்த ஒரு ஆசையில்தான் ஏழு தடவையும் பல்லைக் கடித்துக்கொண்டு அடித்தாள்.

படையில் அவள் கணவருக்குத் தராசு என்று பட்டப்பெயர். ஒவ்வொரு சொல்லையும் நிறுத்துப் பார்த்துத்தான் வெளியே விடுவார். வேவுக்கு எப்போதும் ஜோடியாகத்தான் போவார்களாம். ஒருவர் எழுதுவதை மற்றவர் பார்க்காமல், ஆளுக்கொரு நோட்டில் குறிப்பார்களாம். திரும்பியதும் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவார்கள். இரண்டு நோட்டிலும் இருப்பதுதான் அறிக்கையில் ஏறும். ஒன்றில் மட்டும் இருந்தால் கோடு போட்டு அடித்துவிடுவார்கள். "பயத்துல மரம்கூட பீரங்கியாத் தெரியும்" என்பார் தராசு. போர் முடிந்து எத்தனையோ காலம் ஆகியும் அந்தப் பழக்கம் போகவில்லை. வெளியே மழை என்று இவள் சொன்னால், ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் பார்த்த பிறகுதான் குடையை எடுப்பார்.

மேஜைமேல் ஸ்பீக்கரில் வைத்திருந்த போனில் ஆந்தை கத்திக்கொண்டிருந்தார். அவரும் அதே பிரிவுதான். ராத்திரிக் கண்காணிப்பில் அந்தப் பட்டப்பெயரை வாங்கியவர்.

"பதினஞ்சு லாரிடா தராசு! கடைசி லாரிக்கு விளக்கே எரியல. அதான் நீ விட்டுட்டே."

"என் நோட்டுல பதினாலு. உன் நோட்டுலயும் பதினாலு. இத்தனை வருஷம் கழிச்சு ஒரு லாரி எங்கேருந்துடா வந்துச்சு?"

"ரிப்பேருக்குப் போயிருந்துச்சு, இப்பத்தான் வந்துச்சு. தங்கச்சி, நீ பதினஞ்சுன்னு அடிம்மா."

"அண்ணா, நேத்து நீங்களே பதினாறுன்னீங்க."

"நேத்து ஞாபகம் நல்லா இருந்துச்சு."

அவளுக்கு நெற்றி விண்ணென்று தெறித்தது. ஒரு ராத்திரி எண்ணிய இந்த எதிரி லாரிகளுக்கே நாலு பக்கம். ஒன்று கூடுவதும் ஒன்று குறைவதுமாக உயிரை எடுக்கிறார்கள். ஒரு வாரமாக அவள் நச்சரித்த பிறகு, இதுவரை காலியாகவே விட்டிருந்த, அண்ணனின் கடைசி நாள் வரவேண்டிய எண்பத்து மூன்றாம் பக்கத்தை இன்று காலைதான் கணவர் கையால் எழுதிக் கொடுத்திருந்தார். அந்தத் தாளை எடுத்தாள்.

'ஆற்றுப் பாலம் அருகே கண்காணிப்பு. சென்றவர்கள் இருவர். திரும்பியவர் ஒருவர்.'

தாளைத் திருப்பினாள். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. அடுத்த தாளை எடுத்தாள். பூட்ஸ் வந்து சேரத் தாமதமானது பற்றி ஒன்றரைப் பக்கம்.

"என்னங்க இது?"

"எது?"

"எண்பத்து மூணு. மிச்சம் எங்க?"

"அவ்வளவுதான்."

"லாரிக்கு நாலு பக்கம். பூட்ஸுக்கு ஒண்ணரைப் பக்கம். எங்க அண்ணனுக்கு ஒரே வரியா? பேரைக்கூடக் காணோம்!"

"பேரு கடைசியில, இறந்தவங்க பட்டியல்ல இருக்கு." அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அன்னைக்கு ஒரே நோட்டுதான் திரும்பி வந்துச்சு, என்னோடது. ஒப்பிட இன்னொண்ணு இல்ல. அப்பவும் ஏத்தல. இப்ப மட்டும் எப்படி ஏத்தறது?"

அவர் சொன்னது ஏதோ தபால் நிலைய விதி மாதிரி இருந்தது. அவளுக்கு அழுகை வரவில்லை. மேஜையைக் கவிழ்க்கலாம் போல இருந்தது.

"நான் இன்னும் லைன்லதான் இருக்கேன்" என்றது போன். பிறகு ஆந்தையின் குரல் இறங்கியது. "தங்கச்சி, உன் அண்ணனை நாங்க பூனைன்னுதான் கூப்பிடுவோம். காய்ஞ்ச சருகு மேல நடந்தாக்கூடச் சத்தம் வராது. அப்படி ஒரு ஆளும்மா."

அவள் சிரித்துவிட்டாள். "பூனையா? எங்க வீட்டுல அவன் மாடிப்படி ஏறினா பக்கத்து வீட்டுக் குழந்தை முழிச்சிக்கும். கதவை அவன் சாத்தினதே இல்ல, அறைவான். அம்மா தெனமும் திட்டுவாங்க."

தராசு தலைநிமிர்ந்தார். "நிஜமாவா?"

"பாத்தீங்களா! இதுக்கும் சாட்சி வேணுமா? அம்மா இல்ல, அப்பா இல்ல. நான் ஒருத்திதான் மிச்சம். ஒரே நோட்டு. அப்ப இது பொய்யா? அடிச்சிடலாமா?"

அவர் திருத்த வேண்டிய தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். கலைத்தார். மறுபடி அடுக்கினார். அந்த விரல்களைப் பார்த்தபோதுதான் அவளுக்குப் புரிந்தது. விதி, நோட்டு, ஒப்பீடு என்று இத்தனை வருஷமும் மனுஷர் அதன் பின்னால் பதுங்கிக்கொண்டிருக்கிறார். அவள் கோபம் அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை. ஆனால் குரல் தானாகத் தணிந்தது.

"அண்ணா, அப்புறம் பேசறேன்" என்று போனை வைத்தாள். கம்ப்யூட்டரை மூடினாள். நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

"எனக்குப் புத்தகத்துல வேணாம்."

"பின்ன?"

"கேக்க மாட்டேன்னு சொன்னேன். இருபத்திரண்டு வருஷம் கேக்கல. இனிமே என்னால முடியாதுங்க." அவர் கையிலிருந்த தாள்களை வாங்கி அப்பால் வைத்தாள். "பாலத்துக்கிட்ட எங்க அண்ணனுக்கு என்ன ஆச்சு? நீங்க பாத்ததை எனக்குச் சொல்லுங்க."