கொர்த்தோனாவின் கல்மதில்

இத்தாலிய மொழி படிப்பவர்களுக்கான பேச்சுப் போட்டி கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு மண்டபத்தில் நடந்தது. முதலிடத்துக்கு இத்தாலியில் மூன்று மாதப் படிப்பு, விமான டிக்கெட்டோடு. பேச வந்த பதினொரு பேரில் அனுஷியாவும் ஒருத்தி. மலைநாட்டில் பொகவந்தலாவைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். காலி வீதிப் புடவைக்கடையொன்றில் வேலை, கொட்டாஞ்சேனையில் வாடகை அறை, இரண்டு வருடமாக ஞாயிறு தவறாமல் இத்தாலிய வகுப்பு.

வகுப்பெடுக்கும் நமசிவாயம் மாஸ்டர் மேடையோரத்தில் அவளை மறித்தார்.

"பிள்ளை, ரோமைப் பற்றி எழுதித் தந்தனான். பாடமாக்கினீரோ?"

"பாடமாக்கினேன் சேர். ஆனா நான் கொர்த்தோனாவப் பத்திப் பேசப் போறேன்."

"அது எங்கை கிடக்கு? நடுவர் குறுக்குக் கேள்வி கேட்டால் என்ன செய்வீர்?"

"இத்தாலியில ஒரு பழைய மலையூரு சேர். கேட்டா தெரிஞ்சதச் சொல்லுவேன்."

அதற்குள் அவள் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

முதல் இரண்டு வசனங்களில் நாக்கு இடறியது. முன்வரிசையில் யாரோ சிரித்தது கேட்டது. அனுஷியா மூச்சை இழுத்துவிட்டுக் கதைக்குள் இறங்கினாள். தர்தானோ என்ற வீரன் மலைமேல் சண்டையிட்டபோது தலைக்கவசம் கழன்று உருண்டது. அதையே நல்ல சகுனமாகக் கொண்டு விழுந்த இடத்தில் ஊரை எழுப்பினான். அவன்தான் பிறகு கடல் கடந்து ட்ரோய் நகரின் வம்சத்துக்கே மூலவனானான். தலைக்கவசம் உருண்டதைச் சொல்லும்போது அவள் கையும் உருண்டது. சிரித்த வரிசை இப்போது வாயை மூடிக் கேட்டது.

நடுவராக இருந்த இத்தாலியப் பெண்மணி கண்ணாடியைக் கழற்றினார். "அங்கே பைதகரசின் கல்லறை இருக்கிறது என்கிறார்களே?"

"இல்லை, அம்மா. பைதகரஸ் வாழ்ந்தது தெற்கே குரோத்தோனேயில். பெயர் ஒத்துப்போனதால் வந்த குழப்பம். அது ரோமருக்கும் முன்பே அங்கே வாழ்ந்த எத்ருஸ்கர் என்ற மக்களின் கல்லறை."

"அப்படியானால் ஊரைக் கட்டியது தர்தானோ என்பதை மட்டும் நம்புகிறீர்களா?"

இதற்கு அவள் எதையும் தயாரித்திருக்கவில்லை. ஆனால் பதில் தானாக வந்தது.

"கதையாக ரசிக்கிறேன். ஆனால் சாந்து இல்லாமல் அந்தப் பெரிய கற்களை அடுக்கி மதில் எழுப்பியவர்கள் எத்ருஸ்கர். அந்த ஊரில் கிடைத்த வெண்கலத் தகடு ஒன்றில் அவர்களுடைய எழுத்தை வாசிக்கலாம், பொருள் முழுதாகப் பிடிபடவில்லை. ஆட்களின் பெயர்கள் மட்டும் தெளிவாக இருக்கின்றன. நானும் மலைநாட்டுக்காரி. எங்கள் மலையில் காடு வெட்டித் தேயிலை நட்டவர்களை வைத்து யாரும் புராணம் எழுதவில்லை. அதனால் எனக்கு வீரனைவிடக் கல் தூக்கியவர்களையே பிடிக்கிறது."

கைதட்டலை நடுவர்தான் தொடங்கினார். மற்ற நடுவர்களும் எழுந்து நின்றார்கள்.

முடிவு அறிவிக்க அரை மணியானது. முதலிடம், அனுஷியா. நமசிவாயம் மாஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நான் ரோமிலையே நிண்டுட்டன், பிள்ளை," என்றார்.

வெளியே பஸ் இரைச்சலுக்கு மேலால் அவள் போனில் அம்மா ஆறாயியிடம் சத்தம் போட்டுச் சொன்னாள்.

"இத்தாலிக்கா? அங்க குளிருமா, புள்ள?"

"குளிரும்மா. நமக்கென்ன, பழக்கந்தானே," என்றாள் அனுஷியா. நடைபாதையில் போனவர்கள் திரும்பிப் பார்க்கும்படி அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.