பன்னிரண்டாவது நாற்காலி

1

இந்தக் கதை வானத்தைப் பார்த்துப் பிறக்கவில்லை. பக்கத்து வீட்டு முலூகியாக் கீரைச் சட்டியிலிருந்து பிறந்தது. வெட்கக்கேடுதான். எகிப்தில், எங்கள் லக்ஸரின் நைல் மேற்குக் கரையில், தாளித்த பூண்டைக் கீரையில் கொட்டும்போது சமைப்பவள் 'ஹா' என்று மூச்சை உள்ளிழுக்க வேண்டும். இல்லாவிட்டால் ருசி சேராதாம். 2027 ஆகஸ்ட் இரண்டாம் தேதி மதியம், கிரகணத்தில் சூரியன் முழுதாக மறையும் நொடியில் அந்த வீட்டு மாடியில் பன்னிரண்டு பேர் 'ஹா' என்பார்கள். கீழே அடுப்படியில் இன்ஷிராஹும் 'ஹா' என்பாள். அடடா, என்ன முடிவு! முடிவு கிடைத்த பிறகுதான் அவளைப் பற்றி விசாரித்தேன்.

2

'இயற்பியல் ஆசிரியை இன்ஷிராஹ் ஒன்பது ஆண்டுகளாக அந்த நாளை' (வேண்டாம். பள்ளி ஆண்டுமலர் வாடை அடிக்கிறது.)

நேரம் கணித்தது அவள். மாடிச் சுவரில் கரிக்கோடு போட்டு, நிழல் வரும் திசையைக் குறித்ததும் அவள். மறைந்த சூரியனைத் தெருவில் நின்றும் பார்க்கலாம். ஆனால் நிலாவின் நிழல் மேற்கு மலையைத் தாண்டிக் கரும்புக்காட்டின் மேல் பாய்ந்து வருவதைப் பார்க்க மாடிதான் வேண்டும். அவள் ஆசை அது ஒன்றுதான். அண்ணன் நஜ்தி அதே மாடியில் பன்னிரண்டு நாற்காலி போட்டு, வெளிநாட்டு விருந்தாளிகளுக்கென்று பேசி முடித்துவிட்டான்.

"அண்ணே, ஒரு ஓரம் போதும். நின்னுக்கிறேன்."

"நீ மேல வந்துட்டா சோத்த வானமா ஆக்கும்? கிரகணம் விட்டதும் பசிக்குதும்பாங்க."

"ஆறு நிமிஷம்தாண்ணே."

"ஆறு நிமிஷம் கூடுதலாக் கொதிச்சா கீரை அடியில இறங்கிடும்னு நீதானே சொல்லுவே!"

3

முடிவு (அ): நஜ்தி மனமிரங்கி அழுகிறான். பொய். நஜ்தியை எனக்குத் தெரியும்.

முடிவு (ஆ): அவள் அடுப்பை அணைத்துவிட்டுப் படியேறுகிறாள். எழுதிப் பார்த்தேன். அடுத்த வரியிலேயே அவன் தீப்பெட்டியோடு வந்து நிற்கிறான்.

முடிவு (இ): அந்த இரண்டு 'ஹா'. சத்தியமாக, எனக்கே கண் கலங்கிவிட்டது.

4

அவளிடமே படித்துக் காட்டினேன். கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

"நல்லாத்தான் இருக்கு, உஸ்தாத். என்னை அடுப்படியில நிறுத்தினாத்தான் உங்க கதை அழகா முடியும், இல்ல?"

நான் இருமினேன்.

"மாடியில பன்னிரண்டாவது ஆளு யாருன்னு எழுதலியே?"

எழுதவில்லை. நான்தான். என் வீட்டுக்கு மாடி கிடையாது; பக்கத்து வீட்டுக்காரன், எழுத்தாளன் என்று நஜ்தி மரியாதைக்கு ஒன்று ஒதுக்கியிருக்கிறான்.

"மூணு முடிவு யோசிச்சிருக்கீங்க. நீங்க எந்திரிச்சு அந்த நாற்காலியை எனக்குக் குடுக்கிற முடிவு ஒண்ணு, உங்களுக்குத் தோணவே இல்லையா?"

5

நான்காவது முடிவை எழுத உட்கார்ந்தேன்.

'மேற்கே மலை கறுத்தது. அவன் நாற்காலியை விட்டு'

இதற்கு மேல் பேனா ஓடவில்லை. ஆறு நிமிடம், ஐயா! எனக்கு மட்டும் இந்த ஆயுளில் இன்னொன்று வரப்போகிறதா? நான் நல்லவன் என்று இந்தக் கதையில் எங்கேயாவது சொன்னேனா?

வாக்கியம் அப்படியே கிடக்கிறது. வேண்டுமானால் நீங்கள் முடித்துக்கொள்ளுங்கள். உங்களுக்கென்ன, நாற்காலி என்னுடையதுதானே.