சுக்ராம் சொல்லாத வாக்கியம்

1

இந்தக் கதை ஒட்டுக்கேட்டது. கோவையில் ஒரு நீதிமன்றத்துக்கு எதிரே உள்ள பேக்கரியில், பக்கத்து மேஜையில் நசுருதீன் போனை ஸ்பீக்கரில் போட்டுத் தன் மனைவியிடம் பேசிக்கொண்டிருந்தார். எழுதுகிறவனுக்கு வெட்கம் கிடையாது, காதைத் தீட்டிக்கொண்டேன்.

2

'சோமனூர்த் தறிச் சத்தத்தில் சுக்ராம்...' என்று தொடங்கினேன். வேண்டாம். தறிச் சத்தத்தைப் போட்டால் அவனைத் தெரிந்துவிட்டதாக நினைத்துக்கொள்வீர்கள். எனக்கே தெரியாது. ஜார்க்கண்டுக்காரன், தறிக்கூடத்தில் வேலை, நூல் பெட்டி திருடியதாக வழக்கு. அவ்வளவுதான்.

நசுருதீன் போர்வை வியாபாரி. இருபது வருடம் நாக்பூர், ராய்ப்பூர் என்று சுற்றியதில் இந்தி வந்துவிட்டது. சுக்ராம் வழக்கில் மொழிபெயர்க்க ஆளில்லை என்று கோர்ட்டில் கூப்பிட்டார்கள், போனார். சத்தியமும் செய்தார்.

3

குற்றத்தை ஒத்துக்கொள்கிறாயா என்று மாஜிஸ்திரேட் கேட்டார். நசுருதீன் அதை இந்தியில் கேட்டார். சுக்ராம் சொன்னான்: "பெட்டியை வேனில் ஏற்றியது நான்தான். ஏற்றச் சொன்னது மேஸ்திரி. திருட்டு என்று எனக்குத் தெரியாது."

நசுருதீன் தமிழில் ஆரம்பித்தார்: "தப்புதானுங்கம்மா..."

வியாபாரத்தில் அவருக்கு அதுதான் பழக்கம். சரக்கில் குறை என்று யாராவது சண்டைக்கு வந்தால் முதலில் தப்பை ஏற்றுக்கொள்வார். கோபம் இறங்கியதும் நடந்ததைச் சொல்வார். இங்கே யாரும் அதுவரை காத்திருக்கவில்லை. மாஜிஸ்திரேட் ஒத்துக்கொண்டதாக எழுதிக்கொண்டு, தண்டனை மத்தியானம் என்றார். அடுத்த வழக்கைக் கூப்பிட்டார்கள்.

(மறுக்கலாம், இலவசமாக வக்கீல் கேட்கலாம் என்று சுக்ராமிடம் அவன் மொழியில் யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. இவ்வளவு பெரிய விஷயத்தை நானும் அடைப்புக்குறிக்குள் தள்ளிவிட்டேன்.)

4

"இப்பப் போய் மாத்திச் சொன்னா என்னையப் புடிச்சு உள்ள வெச்சுருவாங்க, சாஜிதா. சத்தியம் பண்ணிருக்கறேன்."

"மரியாதைக்குத்தானுங்க சொன்னீங்க?"

"ஆமா. எம்பட மரியாதைக்கு அந்த ஆளு ஜெயிலுக்குப் போறான்."

"போய்ச் சொல்லிப்போடுங்க. இப்படியே ஊட்டுக்கு வந்தா உங்களுக்குச் சோறு எறங்காதுங்க."

முடிவு ஒன்று: நசுருதீன் பஸ் ஏறிவிடுகிறார். (அடித்துவிட்டேன். நடக்கக்கூடியது என்பதால் பயமாக இருந்தது.)

முடிவு இரண்டு: மாஜிஸ்திரேட் மனமிரங்கி... (இரங்குவாரா? எனக்கு எப்படித் தெரியும்?)

5

நசுருதீன் உள்ளே போனார். நானும் பின்னாலேயே போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். தண்டனையை வாசிக்குமுன் எழுந்துவிட்டார்.

"அம்மா, காலைல தப்புதானுங்கன்னது நானுங்க. அவரு சொல்லலீங்க."

"அப்ப அவர் என்ன சொன்னார்?"

நசுருதீன் கூண்டில் நின்ற சுக்ராமைக் காட்டினார். "வேற ஆளை வெச்சு அவரையே மறுபடி கேளுங்கம்மா. என்னைய நம்பாதீங்க."

மாஜிஸ்திரேட் பேனாவைக் கீழே வைத்தார். எல்லோரும் கூண்டைப் பார்த்தார்கள்.

எனக்கும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. மூன்றாம் பகுதியில் சுக்ராம் சொன்னதாகப் போட்டவை நசுருதீன் போனில் சொன்னவை; வாசிக்க நன்றாக இருக்கட்டும் என்று நான் திருத்தினேன். எனக்கு இந்தி தெரியாது. சுக்ராமை 'அவர்' என்று எழுதவும் இப்போதுதான் தோன்றுகிறது.

எல்லோரும் தன்னைப் பார்ப்பதைக் கண்டு சுக்ராம் பேசத் தொடங்கினார். நிறைய நேரம் பேசினார்:

[                                        ]

அவர் மொழி தெரிந்தவர்கள் அவரிடம் கேட்டு நிரப்புங்கள். தெரியாதவர்கள் காலியாக விடுங்கள். அவர் சார்பில் மன்னிப்பு மட்டும் கேட்டுவிடாதீர்கள்.