முழங்கால் நேர்ச்சை

அப்புவின் கால் சுண்டுவிரலை டொக்டர் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "மோர்ட்டிபிக்கேசன்" என்றார். சதை செத்துவிட்டது, இன்றைக்கே வெட்டவேண்டும், விட்டால் காலே போய்விடும் என்று இங்கிலீசில் விளக்கினார். கொழும்பிலிருந்து வந்த பறங்கி மனுசன், தமிழ் தெரியாது. மன்னார் ஆஸ்பத்திரியில் தன் பேச்சு விளங்குகிற ஒரு பெண்ணைக் கண்டது அவருக்கு ஆச்சரியம். தகப்பனின் விரல் கறுத்துக் கிடக்க, எனக்கு உள்ளுக்குள் பெருமை பொங்கியது. வங்காலையில் பிறந்து லண்டன் பி.ஏ. எடுத்தவளுக்கு வேறென்ன பொங்கும்?

அந்தச் சொல்லின் மற்றக் கருத்துகளும் எனக்குத் தெரியும். சுவாமிமாருக்கு அது ஒறுத்தல், உடம்பை வருத்தி ஆசையை அடக்குவது. நாவல்களில் வரும் துரைசானிகளுக்கு, நாலு பேர் முன்னால் கூனிக்குறுகிப் போவது. அப்பு ஒறுத்தலில் தொடங்கித்தான் அழுகலுக்கு வந்திருந்தார். திருக்கை முள் குத்தியதைத் தவசுகாலக் காணிக்கையென்று ஒருவருக்கும் சொல்லாமல் பொத்தி வைத்திருந்தார். கூனிக்குறுகுவதை எனக்கு விட்டுவைத்தார்.

வெட்டச் சம்மதிக்கவில்லை. மறுநாள் பெரிய வெள்ளி. கடற்கரையிலிருந்து கோயில் வாசல்வரை முழங்காலில் போவது அவருடைய வருசாந்த நேர்ச்சை. ஒற்றைக் காலோடு எப்படித் தோணி ஏறுவீர்கள் என்று சத்தம் போட்டேன். அவர் சுவரைப் பார்த்தார்.

"வெட்டட்டும் பிள்ளை. ஆனா நேர்ச்சை நிக்கக்கூடாது. வீட்டிலை வேறை ஆர் இருக்கினம்?"

போன மாதம்தான் ஊர் எனக்கு மாலை போட்டு வரவேற்றது. அந்த மேடையிலேயே, முழங்காலில் நடப்பது அறியாமை என்று முழங்கியிருந்தேன். கைகூடத் தட்டினார்கள்.

"ஓம், நான் போறன்" என்றேன். விரலை எடுத்தார்கள்.

வெள்ளிக்கிழமை முக்காடு போட்டு மண்ணில் இறங்கினேன். மண் என்று பேர், பாதிக்குப் பாதி உடைந்த சிப்பி. அப்புவின் தங்கச்சி அருளம்மா மாமி பக்கத்தில் நடந்து வந்தா.

"மெல்லமாப் போடி. இது சோதினை இல்லை, முந்தி ஓடினா ஒருத்தரும் மார்க்ஸ் தரமாட்டினம்."

சனம் சிரித்தால் திருப்பிக் கொடுக்க நல்ல வசனங்களாக யோசித்து வைத்திருந்தேன். சிரிக்கவில்லை. கைதட்டிய அதே ஆட்கள் விலகி வழிவிட்டார்கள், இரண்டு கிழவிகள் என்னைக் கும்பிட்டார்கள். அதற்குச் சிரித்தே இருக்கலாம்.

சனிக்கிழமை ஆஸ்பத்திரிக்கு நொண்டிக்கொண்டு போனேன். முழங்கால் இரண்டும் வீங்கி நீர் கசிந்து, சேலை ஒட்டிக்கொண்டிருந்தது. டொக்டர் என்னவென்று கேட்டார். நேர்ச்சையென்று சொல்ல வாய் வரவில்லை. படியில் சறுக்கிவிட்டேன் என்றேன், இலக்கணச் சுத்தமான இங்கிலீசில்.

கட்டிலில் கிடந்த அப்புவுக்கு இங்கிலீசு தேவைப்படவில்லை. என் நடையே போதுமாயிருந்தது.

"ஐயா, இவள் ஒளிக்கிறாள். என்ரை வழியிலைதான் போறாள். சேலையை விலத்தி முழங்காலைப் பாருங்கோ."

டொக்டர் என் பக்கம் திரும்பி, உன் தகப்பன் என்ன சொல்கிறார் என்று கேட்டார்.

ஒரு சொல்லும் விடாமல் மொழிபெயர்த்துச் சொன்னேன்.